குசினிக்குக் கோர்க் தரை போடப் போகிறீர்களா? ஓரத்தைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்

கனடாவில் ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம் வீடு திருத்துகிற எங்கட ஆட்கள் பலர் இப்போது குசினிக்குக் கோர்க் தரை, அதாவது தக்கையால் செய்த தரை, பற்றி விசாரிக்கிறார்கள். ஆகவே எங்களுக்கு நடந்ததை விவரமாகவே எழுதி வைக்கிறேன். கடையில் எங்களுக்குக் காட்டியது முழுக்கக் கோர்க்கால் செய்த, பசை பூசி ஒட்டுகிற டைல். வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டது மேலே மெல்லிய கோர்க் படையும் நடுவில் மரநாரை அழுத்திச் செய்த பலகையும் உள்ள, ஒன்றோடொன்று கொளுவுகிற சாமான். இரண்டையுமே "கோர்க் தரை" என்றுதான் விற்கிறார்கள், பில்லிலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். குசினியில் தண்ணீர் பட்ட பிறகுதான் வித்தியாசம் தெரியும். அதற்குள் காசு கை மாறியிருக்கும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், கோர்க் கூடாத சாமான் என்று சொல்ல வரவில்லை. அம்மாவுக்கு முழங்கால் நோ. காலையில் இடியப்பத்துக்கு நின்றால் மதியக் கறி முடியும் வரைக்கும் குசினியில்தான் நிற்பா, பழைய டைல்ஸ் தரை குளிர்காலத்தில் ஐஸ் மாதிரி இருக்கும், காலுறையும் செருப்பும் போட்டாலும் குளிர் ஏறும். கோர்க் என்பது ஓக் வகை மரம் ஒன்றின் பட்டை. உலகத்துக் கோர்க்கில் பாதியளவு போர்த்துக்கலில் இருந்துதான் வருகிறது, அங்கே மரத்தை வெட்டாமல் 9 வருடத்துக்கு ஒருமுறை பட்டையை மட்டும் உரிப்பார்கள். வைன் போத்தல் தக்கை வெட்டி மிஞ்சுகிற துண்டுகளை அரைத்து, பசை சேர்த்து அழுத்தித்தான் தரைக்கான டைல் செய்கிறார்கள். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத சிறு அறைகள் கோடிக்கணக்கில், எல்லாவற்றிலும் காற்று. அதனால்தான் காலுக்கு மெத்தென்று இருக்கிறது, குளிரும் ஏறுவதில்லை. கோப்பை கை தவறி விழுந்தாலும் பல நேரம் உடையாது. வயதானவர்கள் நின்று சமைக்கிற குசினிக்கு இதைவிட நல்ல தரை குறைவு என்று இன்றைக்கும் நம்புகிறேன். அந்த நல்ல பெயரை வைத்து வேறொன்றைத் தலையில் கட்டுவதுதான் எனக்கு ஆத்திரம்.

கடைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் எங்கட ஆள்தான், நல்ல மரியாதை, அம்மாவுக்குக் கதிரை எடுத்துப் போட்டுத் தேத்தண்ணியும் தந்தார். ஒரு சதுர அடி டைல் ஒன்றை எடுத்து மேசையில் வைத்து, அதன்மேல் ஒரு கிளாஸ் தண்ணீரை அப்படியே ஊற்றினார். தண்ணீர் முத்து முத்தாக நின்றது, துடைத்துவிட்டுக் காட்டினார், ஒரு அடையாளமும் இல்லை. அம்மா பெருவிரலால் அழுத்திப் பார்த்தா, பள்ளம் விழுந்து மெல்ல மேலே வந்தது. "அக்கா, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ, இது முழுக்க வோட்டர்புரூஃப், குசினிக்கெண்டே வந்தது" என்றார். அந்த டைலை ஓரத்தில் இருந்து பார்த்தால் மேலிருந்து கீழ்வரை ஒரே கோர்க், 6 மில்லிமீட்டர் அளவு தடிப்பு. வீட்டு வெளிச்சத்தில் நிறம் பார்க்க வேண்டும் என்று கேட்டு அதை வாங்கிக்கொண்டு வந்தேன். அது இன்னும் என்னிடம் இருக்கிறது.

பில்லில் எழுதினது இவ்வளவுதான்: கோர்க் தரை, இயற்கை நிறம், 170 சதுர அடி, பொருத்துகூலியுடன். காசாகத் தந்தால் 13 சதவீத வரி இல்லாமல் முடித்துத் தருகிறேன் என்றும் சொன்னார். வரியைக் கட்டி பில்லோடு வேண்டும் என்று நான் சொன்னபோது அவருக்கு முகம் கொஞ்சம் மாறியது. பில் இல்லாமல் செய்திருந்தால் இன்றைக்கு எனக்குக் கதைக்க வாயே இருந்திராது.

போட வந்த நாள் நான் வேலையில். காலையில் ஆட்கள் வந்து பழைய டைல்ஸை உடைத்து அள்ளிவிட்டு, வான் வண்டியில் இருந்து பெட்டிகளை இறக்கி உடனேயே வெட்டத் தொடங்கிவிட்டார்கள். கோர்க் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்குகிற பொருள், போடும் முன் இரண்டு மூன்று நாள் அந்த வீட்டுக்குள்ளேயே கிடந்து பழக வேண்டும். அந்தப் பெட்டிகள் குளிர்ந்த வான் வண்டியில் இருந்து நேரே தரைக்குப் போயின. மதியம் அம்மா போன் எடுத்தா: "பிள்ளை, அந்த மனுசன் காட்டினது சதுரமாயெல்லோ இருந்தது, இவங்கள் நீளப் பலகையாக் கொண்டு வந்து கொளுவுறாங்கள்." உடனே கடைக்கு எடுத்தேன். "அக்கா, அது அதைவிட உயர்ந்த சாமான், இப்பத்தான் புதுசா வந்தது, உங்களுக்கெண்டபடியா அதே விலைக்குப் போடச் சொன்னனான்" என்றார். நிறுத்தச் சொன்னேன், சரி என்று வைத்தார், ஆனால் அங்கே யாரும் நிறுத்தவில்லை. நான் வீட்டுக்கு வந்து சேரும்போது முக்கால்வாசி முடிந்து, அடுப்பும் பிரிட்ஜும் வரவேற்பறையில் நின்றன.

அன்று இரவு வெட்டி மிஞ்சின துண்டொன்றை எடுத்து லைட்டுக்குக் கீழே பிடித்துப் பார்த்தேன். மேலே 3 மில்லிமீட்டர்கூட வராத கோர்க். நடுவில் 7 மில்லிமீட்டர் அளவுக்கு மண்ணிறப் பலகை, எச்.டி.எஃப் என்பார்களே, மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்வது. அடியில் இன்னொரு மெல்லிய கோர்க் படை. கோர்க் தண்ணீரை எளிதில் குடிக்காது, ஆனால் இந்த நடுப்பலகை குடிக்கும், குடித்தால் தேத்தண்ணியில் ஊறின விசுக்கோத்து மாதிரி ஊதும், காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது.

அடுத்த விசயம் பொருத்து. ஒட்டுகிற டைலைப் போட்டு முடித்த பிறகு, தரை முழுவதற்கும் பொலியூரித்தேன் என்ற வார்னிஷை இரண்டு மூன்று கை பூசுவார்கள், அது டைலுக்கும் டைலுக்கும் இடையிலுள்ள கோட்டையும் சேர்த்து மூடிவிடும். கொளுவுகிற பலகைக்குத் தொழிற்சாலையிலேயே பூச்சு அடித்து வருகிறது. ஒவ்வொரு பலகையின் முகத்திலும் பூச்சு இருக்கும், இடையிலுள்ள கோடு மூடப்படாது. கடையில் தண்ணீர் ஊற்றிக் காட்டினது ஒரு டைலின் நடுவில். குசினியில் தண்ணீர் போவது பொருத்துக்குள். அரிசி கழுவிச் சிந்துவதும் மீன் வெட்டிக் கழுவுவதும் சிங்குக்கு முன்னால்தானே.

போட்ட விதமும் படு மோசம். கொளுவுகிற தரை பிளைவுட்டில் ஒட்டாமல் மிதந்துகொண்டுதான் இருக்கும், அது விரிய இடம் வேண்டும் என்பதற்காகச் சுவரோரம் சுற்றிவர அரை அங்குலம் அளவு இடைவெளி விட்டுக் கரைச்சட்டத்தால் மறைப்பார்கள். எங்கள் வீட்டில் பின்கதவுப் பக்கம் பலகை சுவரில் இடித்துக்கொண்டு நிற்கிறது. குசினி நடுவில் நிற்கிற ஐலண்ட் மேடையின் பக்கப்பலகையைத் தரைக்கு மேலேயே வைத்துத் திருகாணி போட்டு இறுக்கியிருக்கிறார்கள், ஆக மிதக்க வேண்டிய தரையை ஆணியடித்து நிறுத்தியாயிற்று. எல்லாவற்றிலும் கூடாதது டிஷ்வோஷர், பாத்திரம் கழுவுகிற மெஷின், நிற்கிற இடம். அதன் வாசல் வரைக்கும் மட்டும் தரை போட்டார்கள், உள்ளே போடவில்லை. தரை உயர்ந்துவிட்டது, டிஷ்வோஷர் பழைய பள்ளத்தில் நிற்கிறது, மேலே கல்லுத்தட்டு. மெஷினின் கால்களைத் திருகி எவ்வளவு பதித்தாலும் வெளியே இழுக்க முடியாது.

அந்தக் குளிர்காலத்தில் டிஷ்வோஷரின் குழாய் இணைப்பில் மெல்லக் கசிந்திருக்கிறது. பின்னுக்கு என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது, தெரிந்தாலும் இழுத்துப் பார்க்க வழியில்லை. முதலில் டிஷ்வோஷருக்கு முன்னாலுள்ள பொருத்துக்கள் மேலே எழும்பின, விரலால் தடவினால் வரப்பு வரப்பாகத் தட்டுப்பட்டது. பிறகு ஒரு பலகையின் ஓரத்துக் கோர்க் படை உரிந்து உள்ளே ஊதின மண்ணிறப் பலகை தெரிந்தது. அதேநேரம் பின்கதவுப் பக்கம் ஹீட்டரால் வீடு காய்ந்து பலகைகள் சுருங்கி, இடையில் கோடு விட்டு, அதற்குள் மாவும் மஞ்சள்தூளும் போய் அடைந்துவிட்டன. ஒரே குசினியில் ஒரு பக்கம் ஊதியும் மற்றப் பக்கம் சுருங்கியும்.

கடைக்குச் சொன்னோம். ஒருவர் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார். பிறகு வந்த மெயிலில், வாடிக்கையாளர் அளவுக்கு மீறித் தண்ணீர் பாவித்துத் துடைத்ததால் வந்த சேதம் என்று இருந்தது. போனில் இன்னும் ஒருபடி மேலே போய், "வயசு போன ஆக்கள் மொப்பைப் பிழியாமல் துடைக்கிறவை அக்கா" என்றார். கதிரை போட்டுத் தேத்தண்ணி கொடுத்த அதே ஆள். அம்மா பக்கத்தில்தான் இருந்தா, போன் ஸ்பீக்கரில் இருந்தது. வோட்டர்புரூஃப் என்று சொன்னீர்களே என்று கேட்டதற்கு, அது மேற்பரப்பைச் சொன்னது என்றார்.

எங்களுக்குக் கைகொடுத்தது ஒரு வெறும் பெட்டி. பலகை வந்த பெட்டிகளில் ஒன்றை அம்மா பழைய சாமான் போட்டு வைக்கலாம் என்று கராஜில் எடுத்து வைத்திருந்தா. பில்லில் இல்லாத தயாரிப்பாளர் பெயரும் மாடல் இலக்கமும் அதில் இருந்தன. தயாரிப்பாளரின் பொருத்தும் விதிகளை எடுத்து வாசித்தால், வீட்டுக்குள் வைத்துப் பழக்க வேண்டும், சுற்றிவர இடைவெளி விட வேண்டும், கபேட்டையோ ஐலண்டையோ தரைக்கு மேலே இறுக்கக் கூடாது, குசினியில் போட்டால் மேலே இன்னொரு பூச்சு அடித்துப் பொருத்தை மூட வேண்டும் என்று எல்லாமே எழுதியிருக்கிறது. தேங்கி நிற்கிற தண்ணீருக்கு உத்தரவாதம் கிடையாது என்றும் இருக்கிறது. வோட்டர்புரூஃப் என்ற சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை.

ஒன்ராறியோவில் இருப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்திருங்கள். மாதிரி காட்டி விற்றால் கொடுக்கிற பொருள் அந்த மாதிரியோடு ஒத்திருக்க வேண்டும், இது இங்கத்தைய பொருள் விற்பனைச் சட்டம். 2002 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பொருளின் தரத்தையோ மாடலையோ பற்றிப் பொய் சொல்லி விற்றிருந்தால் ஒரு வருடத்துக்குள் எழுத்தில் அறிவித்து ஒப்பந்தத்தை ரத்துச் செய்யக் கேட்கலாம். விற்பனையாளர் உங்கள் வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கியிருந்தால் 10 நாளுக்குள் காரணமே சொல்லாமல் விலகலாம், நாங்கள் கடையில் கையெழுத்து வைத்ததால் அது எங்களுக்குப் பொருந்தவில்லை. நாங்கள் ஒரு வருடம் ஆகும் முன்பே பதிவுத் தபாலில் கடிதம் போட்டோம், ஒரு துளி பதிலும் இல்லை. பிறகு சிறு உரிமைகோரல் நீதிமன்றத்தில் பதிந்தோம், வக்கீல் கட்டாயமில்லை. பதிந்த பிறகுதான் கடைக்காரர் எடுத்து, ஊதின பலகைகளை மட்டும் மாற்றித் தருகிறேன் என்றார். நடுவிலுள்ள பலகையைக் கழற்றச் சுவரோரத்தில் இருந்து வரிசையாகக் கழற்றிக்கொண்டு வர வேண்டும், அதற்கு ஐலண்டின் பக்கப்பலகையையும் கழற்ற வேண்டும், மாற்றினாலும் அதே மரநார்ப் பலகைதான். மாட்டேன் என்றுவிட்டேன்.

இனிப் போடப் போகிறவர்கள், கடையில் மேற்பக்கத்து நிறத்தைப் பார்ப்பதற்கு முன் துண்டைத் திருப்பி ஓரத்தைப் பாருங்கள். முழுக்கக் கோர்க்கா, நடுவில் வேறு பலகையா? மேலே கோர்க் படம் அச்சடித்த வைனைல் பிளாஸ்ரிக் படையை ஒட்டி, உள்ளே கொஞ்சம் கோர்க் வைத்ததும் இதே பெயரில் கிடைக்கிறது. தயாரிப்பாளர் பெயர், மாடல் இலக்கம், ஒட்டுவதா கொளுவுவதா, பொருத்தின பிறகு எத்தனை கை பூச்சு, டிஷ்வோஷருக்குக் கீழேயும் தரை போவதா, இவ்வளவும் பில்லில் எழுத்தில் வேண்டும். எழுத மாட்டேன் என்கிற கடையில் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வந்துவிடுங்கள். பேஸ்மென்ற் குசினிக்குப் போடுகிறவர்களுக்கு இன்னொன்று, கீழே கொங்கிரீட்டில் இருந்து ஈரம் மேலே வரும், ஒட்டின டைல்கூடக் கழன்றுவிடும். வெறும் கொங்கிரீட்டில் ஒரு பிளாஸ்ரிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள், அடியில் ஈரம் பூத்தால் அந்த ஈரத்துக்கு வழி பார்க்காமல் கோர்க் போட விடாதீர்கள். அப்புறம், நல்ல கோர்க்காக இருந்தாலும் ரப்பர் அடி வைத்த பாயை மேலே போடாதீர்கள், நிறம் மாறிக் கறை பிடிக்கும். நீராவியால் துடைக்கிற ஸ்ரீம் மொப்பும் வேண்டாம்.

எங்கள் வழக்கில் இணக்கப் பேச்சுக்கு நீதிமன்றம் திகதி தந்திருக்கிறது. கடையில் வாங்கின டைல், ஊதின பலகை, கராஜ் பெட்டி மூன்றையும் கொண்டுபோகிறேன். முடிவு வந்ததும் எழுதுகிறேன். மொப்பைப் பற்றிச் சொன்னதற்கு அவர் அம்மாவிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் கேட்கப் போகிறேன். அதை நீதிமன்றம் வாங்கித் தராது என்று சொல்கிறார்கள், ஆனாலும் கேட்பேன்.