ஆற்றுக் கயாக்கின் இருக்கையைத் திருத்தக் கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

திருகோணமலையில் ஆற்றுக் கயாக், அதாவது ஒருவர் உள்ளே அமர்ந்து துடுப்புப் போடும் ஒடுக்கமான சிறு படகு, வைத்திருப்பவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலர், இருக்கையையோ முதுகுப்பட்டியையோ திருத்துவதற்காக அதைப் பைபர் படகுப் பட்டறை ஒன்றில் ஒப்படைப்பதற்கு முன் இதை வாசித்துவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். நான் கொடுத்த முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் பட்டறையின் பெயரைக் குறிப்பிடவில்லை.

கித்துல்கலயில் களனி கங்கையில் ஓட்டுவதற்கென்று வாங்கிய பொலிஎதிலீன் கயாக் அது. அதன் உடலான பிளாஸ்டிக் ஓட்டில் எந்தக் குறையும் இல்லை. முதுகுப்பட்டியை இறுக்கும் இரண்டு ராட்செட்டுகளில் (பற்சக்கர இறுக்கிகளில்) இடப்பக்கத்தது பல் தேய்ந்து வழுக்கியது. இடுப்பை இருபுறமும் அணைத்துப் பிடிக்கும் திண்டுகளில் ஒன்று கழன்றிருந்தது. ராட்செட்டை மாற்றித் திண்டை ஒட்டித் தந்தால் போதும், வேறெதையும் தொட வேண்டாம் என்று தாளில் எழுதிக் கொடுத்து, 35,000 ரூபாவுக்குப் பேசி, பாதியை முற்பணமாகவும் கட்டினேன்.

திரும்பி வந்த கயாக்கில் முதுகுப்பட்டியே இல்லை. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும், மேலே அமர்ந்து ஓட்டும் கயாக்குகளில் பூட்டுவார்களே, அந்த உயரமான முதுகுச்சாய்வு ஒன்றை அதனிடத்தில் பூட்டியிருந்தார்கள். இருக்கையின் மேல் இரண்டு அங்குலத்துக்கு மெத்தைப் பஞ்சை வைத்து ரெக்சினால் மூடியிருந்தார்கள். சாய்வைப் பூட்டுவதற்காக ஓட்டின் இரு பக்கங்களிலும் துளையிட்டுச் சாதாரண இரும்பு ஆணிகளை முடுக்கியிருந்தார்கள். அவற்றின் முனைகள் வெட்டப்படாமல், அமர்பவரின் விலாவுக்கு நேராக உள்ளே நீட்டிக்கொண்டிருந்தன. "இப்ப நல்லாச் சாஞ்சு இருக்கலாம் அண்ணன், முந்தி இருந்தது வெறும் பட்டிதானே" என்றார் பட்டறைக்காரர்.

ஆற்றுக் கயாக்கின் முதுகுப்பட்டி சாய்ந்திருப்பதற்கானதே அல்ல. முதுகெலும்பு இடுப்பெலும்போடு சேரும் இடத்துக்குத் தாழ்வாக நின்று, இடுப்பு பின்னால் சரிந்து முதுகு கூனிவிடாமல் தடுப்பதே அதன் வேலை. அது சரியாக இறுகியிருந்தால், பாதம் முன்னாலுள்ள தாங்கியிலும், தொடை மேற்தட்டின் கீழுள்ள பிடியிலும், இடுப்பு பக்கத் திண்டுகளிலும் தானாகவே பொருந்திவிடும். அதன்பின் இடுப்பை அசைத்தால் கயாக்கும் சேர்ந்து சரியும், நிமிரும். துடுப்புப் போடும்போது விலாவுக்கு மேலுள்ள உடல் தடையின்றித் திரும்ப வேண்டும். கவிழ்ந்தபின் ரோல் போட்டு, அதாவது உள்ளே இருந்தபடியே கயாக்கைப் புரட்டி நிமிர்த்தி, எழும்போது சிலர் பின்தட்டின்மேல் மல்லாந்து சாய்ந்துதான் முடிப்பார்கள். உயரமான சாய்வு இந்த அசைவுகள் எல்லாவற்றையும் மறிக்கிறது. அது அமருமிடத்தின் விளிம்புக்கு மேலே எழும்பி நிற்பதால், தண்ணீர் உள்ளே புகாமல் இடுப்பைச் சுற்றி மூடும் ஸ்ப்ரே டெக்கை விளிம்பில் முழுமையாகப் பூட்டவும் முடிவதில்லை. இருக்கையை இரண்டு அங்குலம் உயர்த்தினால் உடலின் பாரமும் அவ்வளவு உயர்ந்துவிடும். அமைதியான தண்ணீரிலேயே தள்ளாட்டம் தெரியும்.

பஞ்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். கயாக்குக்குள் வைப்பது தண்ணீர் உறிஞ்சாத, நுண்ணறைகள் தனித்தனியே மூடியிருக்கும் இறுக்கமான பஞ்சு. நகத்தால் அழுத்திப் பார்த்தால் பாட்டாச் செருப்பின் அடியைப்போல மெதுவாக மீளும். இவர்கள் வைத்த மெத்தைப் பஞ்சோ ஒருமுறை கடல்நீரில் நனைந்த பிறகு, ரெக்சினின் தையல் வழியாக நாட்கணக்கில் உப்புத்தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. இருக்கையின் அடியைப் பலப்படுத்துவதாகச் சொல்லி ரெசினும் பைபர் பாயும் பூசியிருந்தார்கள். பொலிஎதிலீனில் ரெசின் பிடிக்காது. அதன் வழவழப்பான மேற்பரப்பில் சாதாரணப் பசைகளும் நிற்பதில்லை. ஓரத்தில் விரல்நகத்தை நுழைத்து இழுத்தபோது, அந்தப் பூச்சு ஒரே தகடாக, பின்புறம் பளபளப்பு மாறாமல் கையோடு வந்துவிட்டது.

எல்லாவற்றிலும் என்னை அதிர வைத்தது, இருக்கைக்குப் பின்னால் மேற்தட்டுக்கும் அடித்தட்டுக்கும் நடுவே நிற்கும் தடித்த பஞ்சுத் தூணை, சாய்வுக்கு இடம் போதவில்லை என்று வெட்டி எறிந்திருந்ததுதான். கயாக் பாறையில் மாட்டிக்கொண்டு, ஆற்றின் முழு வேகமும் தட்டின்மேல் விழும்போது அது உள்நோக்கி மடியாமல் காப்பவை முன்னும் பின்னும் உள்ள இந்தத் தூண்கள். உள்ளே மனிதன் இருக்கும்போது ஓடு மடிந்தால் என்ன ஆகும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

ஆற்றுக்குக் கொண்டு போகாமல், உப்புவெளியில் நெஞ்சளவுத் தண்ணீரில், நான் பக்கத்தில் நிற்க, ரோல் நன்றாகப் பழகிய என் தங்கையின் மகனை அமர்த்திச் சோதித்தோம். கவிழ்ந்தவன் ரோல் போட்டு எழ முடியாமல் பாதியில் நின்றுவிட்டான். வெளியே வர முயன்றபோது சாய்வு முன்னால் மடிந்து, அதன் வார் மிதவை அங்கியின் கொளுக்கியில் சிக்கிக்கொண்டது. நான் கயாக்கைப் புரட்டி நிமிர்த்திய பிறகே அவனால் மூச்சுவிட முடிந்தது. ஆணிமுனை கீறிய தடம் அவன் விலாவில் இன்னும் இருக்கிறது.

மகாவலி கொட்டியாரக் குடாவில் வந்து சேரும்போது சமதரையில் ஆறுதலாகப் பாயும் ஆறாகிவிடுகிறது. பாறை நடுவே நுரைத்தோடும் ஆறு எங்கள் பக்கத்தில் இல்லை. ஆகவே ஒரு படகுப் பட்டறைக்கு இந்த வேலை தெரியாதிருப்பதை நான் குற்றமாகக் கொள்ளவில்லை. தெரியும் என்று சொல்லிப் பணம் வாங்கியதும், எழுதிக் கொடுத்ததற்கு மாறாகச் செய்ததும், கழற்றிய பாகங்களைக் கேட்டபோது "அதெல்லாம் குப்பையிலே போட்டாச்சு" என்றதும்தான் குற்றம். பற்றுச்சீட்டில் 'சீற் வேலை' என்ற இரண்டு சொற்களும் மொத்தத் தொகையும் மட்டுமே இருந்தன. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் விவகார அதிகார சபைக்குப் படங்களோடு எழுத்தில் முறையிட்டிருக்கிறேன். அவர்களுடைய உடனடித் தொலைபேசி இலக்கம் 1977. எழுத்து முறைப்பாட்டைத் தாமதிக்காமல் கொடுத்துவிடுங்கள்.

இதே நிலையில் இருப்பவர்கள் ராட்செட் பழுதானால் நல்ல நைலோன் கயிற்றையும் ஒரு கயிறுப் பூட்டையும் வைத்தே முதுகுப்பட்டியை இறுக்கிக்கொள்ளலாம். திண்டை ஒட்டுவதற்கு முன் பிளாஸ்டிக்கை அரத்தாளால் தேய்த்துச் சுத்தமாகத் துடைத்து, இரு பக்கமும் கொன்டாக்ட் பசை பூசி, அது கையில் ஒட்டாத பதத்துக்குக் காய்ந்த பிறகு அழுத்துங்கள். ஓட்டில் துளையிட எவரையும் அனுமதிக்க வேண்டாம். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் திருப்பித் தர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி, பட்டறைக்காரரின் கையொப்பத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

என் முதுகுப்பட்டி கறுப்பு நிறம். வலப்பக்க ராட்செட் நல்ல நிலையில் உள்ளது, இடப்பக்கத்தது பல் தேய்ந்தது. அப்படியொன்றை யாராவது உங்களிடம் விற்க வந்தால், தயவுசெய்து வாங்காமல் எனக்கு அறிவியுங்கள்.