வெப் காம்போனென்ட் சோதனையில் போலி சர்வர் பதில்கள்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

சர்வரிலிருந்து தரவைப் பெற்றுத் திரையில் காட்டும் வெப் காம்போனென்ட்களின் (இணையப் பக்கத்தில் மீண்டும் மீண்டும் பயன்படுத்தத்தக்க தனி உறுப்புகள்) யூனிட் டெஸ்ட்களுக்கு, அதாவது ஒவ்வொரு பகுதியையும் தனியே சோதிக்கும் சிறு சோதனைகளுக்கு, சர்வருக்குப் பதிலாகப் போலிப் பதில் தரும் மாக் சர்வீஸ் வொர்க்கர் என்ற நிரலகத்தை நெடுநாளாகப் பயன்படுத்தி வருகிறேன். அதற்கு முன், சர்வருக்குக் கோரிக்கை அனுப்பும் ஃபெட்ச் செயற்கூறையே சோதனைக்குள் மாற்றிவைத்து, வேண்டிய ஜேசன் வடிவத் தரவை அதன் வழியே தந்துகொண்டிருந்தோம். எளிய வழிதான், ஆனால் காம்போனென்ட் ஃபெட்சை விட்டு, அதே வேலையைச் செய்யும் ஆக்சியோஸ் நிரலகத்துக்கு மாறியதும், பயனர் காணும் எதுவும் மாறாதபோதே சோதனைகள் வரிசையாகத் தோற்றன. இந்த நிரலகம் உலாவியில், பக்கத்துக்கும் பிணையத்துக்கும் இடையில் இயங்கும் சர்வீஸ் வொர்க்கர் வழியாகவும், உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் நோடில் கோரிக்கை அனுப்பும் தொகுதிகளை இடைமறித்தும் பதிலளிப்பதால், எந்தச் செயற்கூறு கோரிக்கையை அனுப்பியது என்பதைச் சோதனை அறிய வேண்டியதில்லை.

இதன் முழுப் பயனைத் தோல்விகளைச் சோதிக்கும்போதுதான் உணர்ந்தேன். சர்வர் 404 அல்லது 500 என்ற பிழைக்குறியீட்டோடு பதிலளித்தாலும், ஃபெட்ச் தரும் பிராமிஸ் (பின்னர் வரவிருக்கும் முடிவைக் குறிக்கும் பொருள்) நிராகரிக்கப்படுவதில்லை. பிணையம் அறுவது போன்று கோரிக்கையே தோற்றால்தான் நிராகரிக்கப்படும். இவ்விரண்டையும் தனித்தனியே உருவாக்கிப் பார்த்தால், பிழைச் செய்தி காட்ட வேண்டிய இடத்தில் வெற்றுப் பட்டியலைக் காட்டும் காம்போனென்ட் உடனே பிடிபடுகிறது. தேடல் பெட்டியில் முதல் கோரிக்கையின் பதிலை வேண்டுமென்றே தாமதப்படுத்தி, இரண்டாவதன் பதிலை முந்தவிட்டால், பழைய முடிவு புதியதன் மேல் எழுதப்படுகிறதா என்பதும் தெரிந்துவிடும். உண்மையான சர்வரை வைத்து இதை விரும்பியபோதெல்லாம் நிகழ்த்திக் காட்டுவது ஏறக்குறைய இயலாத காரியம்.

காத்திருத்தல் குறித்து மட்டும் கவனம் தேவை. வெப் காம்போனென்ட்களை எழுத உதவும் லிட் நிரலகத்தின் அப்டேட்கம்ப்ளீட் என்ற பிராமிஸ், நிலுவையிலுள்ள திரை வரைவு முடிந்ததைத்தான் சொல்கிறது. இயல்பாக அது சர்வர் பதிலுக்காகக் காத்திருப்பதில்லை. எனவே எதிர்பார்க்கும் உறுப்பு ஷேடோ ரூட்டுக்குள் (பக்கத்தின் மற்ற பகுதியிலிருந்து பிரித்துவைக்கப்பட்ட காம்போனென்டின் உட்பகுதி) தோன்றும் வரை காத்திருப்பதே நம்பகமானது. ஆவணத்தின் மீது நேரடியாக, உறுப்பைத் தேடும் க்வெரிசெலக்டரை எழுதினால் அது ஷேடோ எல்லையைத் தாண்டாது.

கையாளி (எந்தக் கோரிக்கைக்கு எந்தப் போலிப் பதில் என்று சொல்லும் நிரல்) எழுதப்படாத கோரிக்கைகளுக்கு இந்நிரலகம் இயல்பாக எச்சரிக்கை மட்டுமே தருகிறது. அதைப் பிழையாக மாற்றுவதும், ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் கையாளிகளைத் தொடக்க நிலைக்குத் திருப்புவதும் கட்டாயம் என்பேன். இல்லையேல் ஒரு சோதனையின் போலிப் பதில் அடுத்ததற்குள் கசியும். 2023இல் வந்த இரண்டாம் பதிப்பு கையாளி எழுதும் முறையையே மாற்றியதால், பழைய கோப்புகளை ஒவ்வொன்றாகத் திருத்துவது அலுப்பூட்டும் வேலையாக இருந்தது.

தீராத குறை ஒன்று உண்டு. சர்வரில் ஒரு புலத்தின் பெயர் மாறினால் போலிப் பதிலுக்கு அது தெரியாது. சோதனைகள் வெற்றி என்று பச்சையாகவே ஒளிரும், பயனருக்கோ பக்கம் உடையும். சர்வர் தரும் தரவின் அமைப்பை விவரிக்கும் ஓப்பன்ஏபிஐ வரையறையிலிருந்து பெற்ற டைப்ஸ்கிரிப்ட் வகைகளை (புலங்களின் பெயரையும் வகையையும் சரிபார்ப்பவை) போலிப் பதில்களுக்கும் இட்ட பின் இந்த இடைவெளி குறைந்திருக்கிறது. ஆயினும், அந்த வரையறையே சர்வருக்குப் பின்தங்கிவிட்டால் இந்த ஏற்பாடும் உதவாது என்பதால், உண்மையான சர்வரோடு பேசும் சில சோதனைகளை வெளியீட்டுக்கு முன் இன்னும் தனியே ஓட்டுகிறோம்.