கேம் கன்சோல் கெட்டுப்போனால் எங்கே கொடுப்பது: கம்பெனி சர்வீஸா, டவுன் ஹால் ரோடு மெக்கானிக்கா?

மதுரையில் ஒரு வீட்டில் பிளேஸ்டேஷனோ எக்ஸ்பாக்ஸோ நின்றுபோனால் உடனே இரண்டு கட்சி கிளம்பிவிடும். "கம்பெனிக்கே அனுப்பு, வாரண்டி பின்ன எதுக்கு இருக்கு?" என்று ஒரு கட்சி. "அனுப்பினா எப்ப வருமோ, டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் கொடுத்தா சாயங்காலமே கைக்கு வந்துரும்" என்று இன்னொரு கட்சி. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் வாரண்டி இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் பணமும் போகும், சாமானும் போகும். எந்தப் பாகம் கெட்டிருக்கிறது, எதனால் கெட்டது, வாரண்டியில் எத்தனை மாதம் மிச்சம் என்று சேர்த்துப் பார்க்க வேண்டும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தானாகக் கெட்டது கம்பெனிக்குப் போக வேண்டும். அடிபட்டோ மின்னலிலோ கெட்டது, நல்ல போர்டு மெக்கானிக்கிடம் போகலாம்.

அதற்கும் முன்னால், காசில்லாத வேலை ஒன்று இருக்கிறது. டிவிக்குப் படம் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ கேபிளை மாற்றிப் பாருங்கள், டிவியில் வேறு போர்ட்டில் சொருகிப் பாருங்கள். பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) என்றால் முழுக்க அணைத்துவிட்டு, பவர் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் ஏழு விநாடி போல ஆனதும் இரண்டாவது பீப் சத்தம் கேட்கும். அப்போது கையை எடுத்தால் பழுது பார்ப்பதற்கான சேஃப் மோடில் திறக்கும். கன்ட்ரோலரை வயர் போட்டு இணைத்து, டேட்டாபேஸை (உள்ளே இருக்கும் கோப்புகளின் பட்டியலை) மறுபடி கட்டும் தேர்வை ஓட்டிப் பாருங்கள். சில பேருக்குப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். சேஃப் மோடிலும் திரை கறுப்பாகவே இருக்கிறது, கன்சோலில் மட்டும் வெள்ளை விளக்கு நிலையாக எரிகிறது என்றால் சந்தேகம் எச்டிஎம்ஐ பக்கம் திரும்ப வேண்டும்.

வாரண்டி எதற்குச் செல்லும்

சோனியும் மைக்ரோசாஃப்ட்டும் கன்சோலுக்குத் தருவது வாங்கிய தேதியிலிருந்து ஒரு வருடம். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலருக்குப் பொதுவாக 90 நாள்தான். பலர் அதற்கும் ஒரு வருடம் என்று நினைத்துக்கொண்டு கடைசியில் ஏமாந்து நிற்கிறார்கள். திடீரென்று உயிர் போவது, விளையாடும்போது தானாக அணைவது, டிஸ்க்கைப் படிக்க மறுப்பது, ஃபேன் இரைச்சல் போடுவது எல்லாம் தயாரிப்புக் கோளாறு என்ற கணக்கில் வரக்கூடியவை. கீழே விழுந்தது, தண்ணீர் பட்டது, பூச்சி புகுந்தது, கரண்ட் ஏறி இறங்கியது, வெளியாள் திறந்தது எல்லாம் வாரண்டிக்கு வெளியே.

நம் ஊரில் கன்சோல் அதிகம் கெடுவது இந்த இரண்டாவது வரிசையில்தான். கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் மின்னல் இறங்கும்போது கேபிள் டிவி வயர் வழியாக செட்டாப் பாக்ஸ், அங்கிருந்து டிவி, டிவியிலிருந்து எச்டிஎம்ஐ வயர் பிடித்து கன்சோலுக்குள் வந்துவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டோமே என்று நிம்மதியாக இருப்பவர்கள் எச்டிஎம்ஐ வயரை மறந்துவிடுகிறார்கள். போதாததற்கு பிஎஸ்5 வயரில் எர்த் பின்னே கிடையாது. இடி இடிக்கும்போது இரண்டு வயரையும் கழற்றுங்கள். கரப்பான் பூச்சி இன்னொரு தொல்லை. உள்ளே சூடாக, இருட்டாக இருப்பதால் கன்சோலுக்குள் குடித்தனம் நடத்த அதற்கு ரொம்பப் பிடிக்கும், பழைய பிஎஸ்4-இல் குறிப்பாக. இந்த வகையில் செத்த கன்சோலை வாரண்டி இருக்கிறதே என்று கம்பெனிக்கு அனுப்பினால், திறந்து பார்த்துவிட்டு எஸ்டிமேட்தான் வரும்.

கம்பெனி சர்வீஸ்

வாரண்டிக்குள் வந்துவிட்டால் செலவில்லை. அது பெரிய ஆறுதல். கம்பெனி வழக்கத்தில் கெட்ட ஐசியை (போர்டில் உள்ள சின்ன சிப்) தேடிச் சால்டர் வைக்கிற வேலை குறைவு. போர்டையே மாற்றுவார்கள், அல்லது கன்சோலையே மாற்றித் தந்துவிடுவார்கள். பிஎஸ்5-க்கு இது முக்கியம். அதன் சிப்புக்கும் சூட்டை இழுக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் சூடு கடத்தும் சாதாரண பேஸ்ட் இல்லை, லிக்விட் மெட்டல் என்ற திரவ உலோகம் இருக்கிறது. அது கரண்ட் கடத்தும்; வழிந்து பக்கத்துப் பாகத்தில் பட்டால் போர்டு ஷார்ட் ஆகும். தானாக அணைகிற பிஎஸ்5-ஐ வாரண்டி இருக்கும்போது எந்தத் தெருக்கடையிலும் திறக்க விடாதீர்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுதான் காரணம். ஒரு விஷயத்தில் பயம் வேண்டாம்: வெள்ளைப் பக்கத் தகடுகளைக் கழற்றித் தூசி உறிஞ்சுவதும், சேமிப்பு இடத்தைக் கூட்டும் எம்.2 எஸ்எஸ்டி சேர்ப்பதும் சோனியே அனுமதித்த வேலை. அதற்கு உள்ளே ஸ்குரூ மேல் ஒட்டியிருக்கும் சீல்தான் எல்லைக்கோடு.

அமெரிக்காவில் 2018-இல் அங்குள்ள வர்த்தக ஆணையம், சீல் கிழிந்தால் வாரண்டி போச்சு என்று சொல்லக் கூடாதென்று சோனி, மைக்ரோசாஃப்ட், நின்டெண்டோ உள்பட ஆறு கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதியது. அதை இணையத்தில் படித்துவிட்டு இங்கே சர்வீஸ் ஆளிடம் வாதாடாதீர்கள். அது அவர்கள் நாட்டுச் சட்டம்.

கம்பெனி வழியில் குறை, காத்திருப்பு மட்டும் இல்லை. சேமித்த விளையாட்டுகள் போய்விடலாம் என்பது அதைவிடப் பெரிய குறை. கன்சோலையே மாற்றித் தந்தால் பழைய பெட்டியில் இருந்தது பழைய பெட்டியோடு போச்சு. எக்ஸ்பாக்ஸில் சேமிப்புகள் காசில்லாமல் கிளவுடுக்குப் போய்விடுகின்றன. இந்த இடத்தில் எக்ஸ்பாக்ஸ்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். பிஎஸ்5 விளையாட்டுச் சேமிப்பை பென் டிரைவில் எடுக்க முடியாது. பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா இருந்தால்தான் கிளவுடில் ஏறும். பிஎஸ்4 விளையாட்டுச் சேமிப்பு மட்டும் பென் டிரைவில் எடுக்கலாம். கன்சோல் லேசாக மக்கர் பண்ண ஆரம்பித்த உடனேயே ஒரு மாதச் சந்தா போட்டு எல்லாவற்றையும் ஏற்றிவிடுங்கள். முழுக்கச் செத்தபின் வழியில்லை.

அனுப்பும்போது டிஸ்க்கை வெளியே எடுங்கள், நீங்கள் சேர்த்த எஸ்எஸ்டியைக் கழற்றுங்கள், கேட்டால் ஒழிய கன்ட்ரோலரை அனுப்பாதீர்கள். முதலில் வந்த பிஎஸ்5 நாலரைக் கிலோ. தெர்மாகோல் இல்லாத அட்டைப்பெட்டியில் போட்டால் லாரியில் உருண்டே உடையும். பழைய பெட்டியைத் தூக்கிப் போடாமல் பரணில் வைத்திருப்பவர்களுக்கு இங்கே பலன் உண்டு. கட்டுவதற்கு முன் நாலு பக்கமும் படம் எடுத்து, சீரியல் நம்பரும் சீலும் தெரிகிற மாதிரி ஒரு படம் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளூர் மெக்கானிக்

செல்போன், லேப்டாப் போர்டுகளில் கை பழகியவர்கள் மதுரையில் நிறையப் பேர். அவர்களில் கன்சோல் தொடுகிறவர்கள் கொஞ்சம். அதிலும் எச்டிஎம்ஐ வேலையைச் சுத்தமாகச் செய்கிறவரைக் கண்டுபிடித்துவிட்டால் அவர் நம்பரை விடாதீர்கள்.

அந்த வேலையை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தால் மதிப்புப் புரியும். அரிசி மணியைவிட மெல்லிய 19 கால்கள், அவற்றைப் பிடித்து நிற்க நாலு பெரிய ஊன்றுகால்கள். ஃபேக்டரியில் போட்டது ஈயமில்லாத சால்டர், 217 டிகிரிக்கு மேல்தான் இளகும். அந்தச் சூட்டை அப்படியே காட்டினால் பக்கத்துப் பிளாஸ்டிக் உருகும், போர்டின் உள்ளே இருக்கும் செம்புத் தகடு சூட்டை இழுத்துக்கொள்ளும். கை தேர்ந்தவர் முதலில் ஈயம் கலந்த சால்டரை மேலே பூசிக் கலக்கிவிடுவார். அது 183 டிகிரியிலேயே இளகும் வகை, கலந்ததும் மொத்தமும் சீக்கிரம் விட்டுக்கொடுக்கும். அடியில் ஹீட்டர், மேலே ஹாட் ஏர், கண் மைக்ராஸ்கோப்பில். போர்ட் தானாக வழுக்கி வருகிறவரை இழுக்க மாட்டார். அவசரக்காரர் இழுப்பார், கால்களோடு போர்டில் அவை ஒட்டியிருக்கும் செம்புப் பேடும் பிய்ந்து வரும். அப்புறம் ஒவ்வொன்றுக்கும் முடி போன்ற வயர் ஓட்ட வேண்டும். புதுப் போர்ட் போட்டும் படம் வரவில்லை என்றால் பின்னாலிருக்கும் எச்டிஎம்ஐ ஐசி போயிருக்கலாம், மின்னல் கேஸில் இது சகஜம்.

ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ள இரண்டு கேள்வி போதும். "அண்ணே, பிஎஸ்5 பிரிச்சா லிக்விட் மெட்டலுக்கு என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். "தொடச்சிட்டு பேஸ்ட் போட்டுருவேன் தம்பி, ஒண்ணும் ஆகாது" என்று பதில் வந்தால் கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள். "அந்தப் பக்கம் பிரிக்காம முடிஞ்சா பிரிக்க மாட்டேன், பிரிச்சா லிக்விட் மெட்டலேதான் போடணும்" என்பவர் வேலை தெரிந்தவர். அடுத்து, "டிஸ்க் டிரைவ் போச்சுன்னா வேற பிஎஸ்5 டிரைவைத் தூக்கி மாட்டலாமா?" என்று கேளுங்கள். முதலில் வந்த பிஎஸ்5-இல் டிரைவ் போர்டும் மதர்போர்டும் ஜோடி போட்டவை. அப்படியே மாற்றினால் டிஸ்க் ஓடாது. பழைய டிரைவ் போர்டைக் கழற்றிப் புதிதில் வைக்க வேண்டும். இது தெரியாதவரிடம் டிரைவ் வேலையைக் கொடுப்பது வீண்.

கன்ட்ரோலர் ஸ்டிக் தானாக ஓடுகிற தொல்லைக்கு வாரண்டி முடிந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு உள்ளூர்தான். 14 கால் சால்டரைக் கழற்றிப் புது ஸ்டிக் மாட்யூல் போடுவது ஒரு மணி நேர வேலை. சாதாரண மாட்யூலுக்குப் பதில் காந்தத்தால் வேலை செய்யும் ஹால் எஃபெக்ட் வகை கேளுங்கள். உள்ளே உரசித் தேய்கிற பாகம் இல்லாததால் அந்தத் தொல்லை மறுபடி எளிதில் வராது. எதைப் போட்டாலும் கேலிபரேட் செய்து (ஸ்டிக்கின் நடுநிலையைச் சரிபார்த்து), கடையிலேயே விளையாடிப் பார்த்து வாங்குங்கள்.

உள்ளூரில் உள்ள ஆபத்தையும் மறைக்கக் கூடாது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் கன்சோல் "பவர் சப்ளை போச்சு" என்று கொடுக்கப்பட்டு, வேறு பவர் சப்ளையோடு, டிஸ்க் டிரைவும் மாறித் திரும்பி வந்தது. அவர்கள் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. என்ன பழுது, என்ன மாற்றப் போகிறார், வேலைக்கு எத்தனை நாள் வாரண்டி, மாற்றிய பழைய பாகம் திரும்ப வருமா என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தர முகம் சுளிக்கிற கடை வேண்டாம்.

இரண்டுக்கும் நடுவில் சிக்கும்போது

கஷ்டமான கேஸ் இது: வாங்கி இரண்டே மாதம், எச்டிஎம்ஐ போர்ட் உடைந்துவிட்டது. உள்ளூரில் மலிவாக முடியும். ஆனால் திறந்த கணமே மீதிப் பத்து மாத வாரண்டியும் போய்விடும், நாளைக்கு ஃபேனோ டிரைவோ போனால் கேட்க நாதியில்லை. இந்த நிலையில் நான் கம்பெனியிடம் முதலில் எஸ்டிமேட் கேட்பேன், தொகை கசந்தாலும் அங்கேயே கொடுப்பதைப் பற்றி யோசிப்பேன். அதே உடைப்பு பதினோராவது மாதத்தில் என்றால் யோசனையே இல்லை, உள்ளூர்.

வாரண்டி முடிந்து பெரிய பழுது என்றால் வேறு கணக்கு. டிஸ்க் வைத்த பிஎஸ்5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரியில் வந்தபோது 49,990 ரூபாய், பிறகு 54,990. கம்பெனி எஸ்டிமேட் புது விலையில் பாதியைத் தொட்டால் ரிப்பேரை விட்டுவிட்டு, பழுதான பெட்டியைப் பாகங்களுக்கு விற்பதே மேல். ஆனால் பணம் கட்டும் முன் ஒன்று பாருங்கள்: அந்த மாடலில் ஊருக்கெல்லாம் வருகிற கோளாறா என்று. எக்ஸ்பாக்ஸ் 360-இல் சிவப்பு வளையம் எரிந்து செத்தது லட்சக்கணக்கானோருக்கு நடந்தபோது, 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அந்தக் கோளாறுக்கு மட்டும் வாரண்டியை மூன்று வருடமாக நீட்டியது. அதற்கு நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கவும் செய்தது. கேட்டவர்களுக்குக் கிடைத்தது.

துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் மாமா, சித்தப்பா கையோடு கொண்டுவந்த கன்சோல் நம் பக்கம் நிறைய. அவற்றின் வாரண்டி பொதுவாக வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். நின்டெண்டோ ஸ்விட்ச் இன்னும் மோசம். அந்தக் கம்பெனி இந்தியாவில் நேரடியாக விற்பதே இல்லை. இந்த இரண்டுக்கும் உள்ளூர் மெக்கானிக், இல்லையென்றால் திரும்ப அந்த நாட்டுக்குப் போகிறவர் பெட்டியில் கொடுத்துவிடுவது, அவ்வளவுதான் வழி. ஸ்விட்ச்சில் மெமரி கார்டை எடுத்து வைத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், விளையாட்டுச் சேமிப்பு கன்சோலின் உள் மெமரியில்தான் இருக்கிறது.

கடையில் தலையில் கட்டும் நீட்டிப்பு வாரண்டியைக் கம்பெனி தருகிறதா, வேறு யாரோ தருகிறார்களா என்று மட்டும் கேளுங்கள். வேறு யாரோ என்றால் நான் வாங்க மாட்டேன்.

வாரண்டி இருந்தும் இல்லை என்றால்

தானாகக் கெட்டதை "பிசிக்கல் டேமேஜ்" என்று எழுதித் தள்ளிவிட்டால் விட்டுவிடாதீர்கள். எங்கே, எப்படி அடிபட்டது என்று படத்தோடு எழுத்தில் கேளுங்கள். நீங்கள் அனுப்பும் முன் எடுத்த படங்கள் இப்போது பேசும். பதில் சரியில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். பல கேஸ்கள் அந்தக் கட்டத்திலேயே அசைந்து கொடுக்கின்றன. அதுவும் ஆகவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மதுரையிலேயே வழக்குப் போடலாம், கம்பெனி ஆபீஸ் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். 5 லட்ச ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை, நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட்டாக வேண்டும். ஒரிஜினல் பில், சீரியல் நம்பர் தெரிகிற படம், சர்வீஸ் சென்டர் தந்த ஜாப் ஷீட், நீங்கள் அனுப்பிய மெயில்கள், கூரியர் ரசீது எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி வையுங்கள். கடை பில் எழுத்து அழிந்துபோகிற தாளில் இருந்தால் வாங்கிய அன்றே போனில் படம் எடுத்துவிடுங்கள்.