பச்சை வராத திரையும் திருப்பாதிரிப்புலியூர்ச் சந்துக் கடையும்

பத்திரம் எழுதுகிறவனுக்கு இரண்டு திரை ஆடம்பரம் அல்ல. இடப்பக்கம் லேப்டாப்பில் மூலப் பத்திரத்தின் ஸ்கேன், வலப்பக்கம் மானிட்டரில் நான் அடிக்கும் வரைவு. நான்கெல்லையையும் சர்வே எண்ணையும் ஒப்பிட்டு ஒப்பிட்டுத்தான் அடிக்க வேண்டும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் மேஜைமேல் இருக்கும் லேப்டாப் 2011-இல் வாங்கியது. அதோடு விஜிஏ கேபிளில் மாட்டிய பழைய 19 அங்குல மானிட்டர்.

ஐப்பசி மழை பிடித்த வாரம் மானிட்டரில் வெள்ளைத் தாள் வாடாமல்லி நிறத்துக்கு மாறியது. கேபிளைத் தட்டினால் சில நேரம் வெளுக்கும், மறுபடி வாடாமல்லி. பக்கத்திலேயே ஒரு கடை, பெயர் வேண்டாம். அங்கிருந்த தம்பி கேபிளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "கிராஃபிக்ஸ் சிப் போய்விட்டது சார், மதர்போர்டு மாற்ற 9,500 ஆகும்" என்றார். நான் தயங்கியதும், எதற்கும் ஃபார்மட் செய்து பார்ப்போம் என்று 700 ரூபாய் வாங்கிக்கொண்டார். திரும்பி வந்தபோது லேப்டாப்பில் எழுத்துகள் பூசணிக்காய் அளவுக்குப் பருத்திருந்தன. வாடாமல்லியாவது தெரிந்த மானிட்டரில் இருட்டு. விண்டோஸ் விசையையும் பி-யையும் சேர்த்து அழுத்தினால் இரண்டாம் திரை வரும் என்று மகன் தொலைபேசியில் சொன்னான். ஐம்பது முறை அழுத்தியிருப்பேன்.

ஒரு வாரம் ஒற்றைத் திரையில் ஓட்டினேன். மாற்றி மாற்றிப் பார்த்ததில் சர்வே எண் 214/3 என்பதை 241/3 என்று அடித்துவிட்டேன். நல்லவேளை, வாங்குகிறவர் வரைவிலேயே கண்டுபிடித்தார். பதிவாகியிருந்தால் பிழைதிருத்தல் பத்திரம் போட வேண்டியிருக்கும். அதன் செலவு யார் தலையில் விழும் என்று சொல்லத் தேவையில்லை. முப்பது வருடத்தில் எனக்கு இப்படி நேர்ந்ததில்லை.

மறுநாள் லேப்டாப், மானிட்டர், கேபிள்கள் எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கெடிலம் பாலம் தாண்டித் திருப்பாதிரிப்புலியூர் போனேன். லாரன்ஸ் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது இந்தக் கடை. பெயர்ப்பலகையை உப்புக்காற்று தின்றுவிட்டது. 'சர்வீஸ்' என்ற சொல் மட்டும் மிச்சம். முன்மேஜையில் ஒரு பெரியவர் மிக்சியைப் பிரித்து வைத்திருப்பார், ஒரு காலத்தில் டிவி பழுது பார்த்தவர். உள்மேஜையில் அவர் மகள். கம்ப்யூட்டர் வேலை அவருடையது.

அந்தப் பெண் திருப்புளியை எடுக்கவே இல்லை. கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டிஸ்ப்ளே அடாப்டர் வரிசையில் இன்டெல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருப்பதைக் காட்டினார். "ஐயா, ஃபார்மட் செய்தவர்கள் கிராஃபிக்ஸ் டிரைவரை, அதாவது கிராஃபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருளை, போடாமல் அனுப்பியிருக்கிறார்கள். இது ஒப்புக்கு ஒரு படம் காட்டும், அவ்வளவுதான். இரண்டாம் திரை இதில் வராது." கடை இணைப்பில் மாட்டி விண்டோஸ் அப்டேட் வழியாகவே டிரைவரை இறக்கினார். முக்கால் மணி நேரம் ஆனது. எழுத்துகள் இளைத்தன, மானிட்டர் உயிர்பெற்றது. அதே வாடாமல்லி நிறத்தில்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மிக்சியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, ஓரக்கண்ணால் பார்த்த பெரியவர் சொன்னார்: "பச்சை வரவில்லை."

விஜிஏ கேபிளில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிக் கம்பியில் போகின்றன. பச்சை அறுந்தால் வெள்ளையில் சிவப்பும் நீலமும் மட்டும் மிஞ்சும், வாடாமல்லி. படக்குழாய் டிவிக் காலத்துப் பாடம் இன்றும் செல்லுபடியாகிறது. மகள் அதைச் சோதித்தும் காட்டினார். மானிட்டரின் சொந்த மெனுவைத் திறந்தால் அதில் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. ஆகவே மானிட்டரில் குற்றமில்லை. லேப்டாப்பின் சொந்தத் திரையிலும் நிறம் சரி. சிப்பைச் சந்தேகிக்கும் முன் நடுவில் இருப்பதைப் பார்க்க வேண்டும். கடைக் கேபிளை மாட்டினார், தாள் வெளுத்தது. என் கேபிளின் முனையைப் பூதக்கண்ணாடியில் காட்டினார். இரண்டாவது ஊசி வளைந்து, பாசி பிடித்தாற்போல் களிம்பேறிக் கிடந்தது. கடலோர ஊரில் செம்பு, பித்தளைக்கு என்ன ஆகும் என்று தெரிந்தும் நான் 14 வருடமாக அந்தக் கேபிளைக் கழற்றித் துடைத்ததில்லை. 15 ஊசியில் ஒன்று அடியோடு இல்லாததைக் கண்டு பதறினேன். ஒன்பதாவது ஊசி இல்லாமலே பல கேபிள்கள் வருமாம், அது குறையில்லையாம்.

கேபிள் 250, கூலி 400. மதர்போர்டுக்குச் சொன்ன 9,500-ஐ நினைத்துக்கொண்டே கொடுத்தேன்.

கையோடு மூன்றாவது திரை என்ற என் பேராசையையும் அவிழ்த்தேன். மாமா மகன் ஒரு பழைய மானிட்டரைக் கொடுத்திருந்தான். ஒரு முனை எச்டிஎம்ஐ, மறுமுனை விஜிஏ என்று ஒரு கேபிளை இணையத்தில் 320 ரூபாய்க்கு வாங்கி, படம் வராமல் வைத்திருந்தேன். லேப்டாப்பின் எச்டிஎம்ஐ டிஜிட்டல், மானிட்டரின் விஜிஏ அனலாக். நடுவில் மாற்றித் தரும் சிப் உள்ள கன்வெர்ட்டர் வேண்டும், வெறும் கம்பியால் ஆகாது என்றார் மகள். கன்வெர்ட்டர் அவர் அலமாரியிலேயே இருந்தது. எடுத்து நீட்டவில்லை. "உங்களுடையது இரண்டாம் தலைமுறை ஐ5 சிப், அதில் இருப்பது இன்டெல் எச்டி கிராஃபிக்ஸ் 3000. ஒரே நேரத்தில் இரண்டு திரைதான் தாங்கும். மூன்று வேண்டுமென்றால் அடுத்த தலைமுறை. லேப்டாப் மூடியை மூடிவிட்டு இரண்டு மானிட்டரில் வேலை செய்யலாம், தனிக் கீபோர்டு வாங்க வேண்டும்." யூஎஸ்பி வழியே திரை தரும் கருவியையும் கேட்டேன். என்னுடைய யூஎஸ்பி 2.0, நொடிக்கு 480 மெகாபிட்தான். பக்கத்தை உருட்டினால் இழுக்கும் என்று அதையும் விற்க மறுத்தார். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 இந்த ஐ5-இல் முறையாக ஏறாது, கட்சிக்காரர்களின் ஆவணங்களை இதில் அதிக நாள் வைக்காதீர்கள் என்றும் எச்சரித்தார். மாமா மகனின் மானிட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்ததற்குக் காரணம் உண்டு. ரசீது கேட்டால் பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதித் தருகிறார்கள். ஆவணத்தோடு புழங்குகிற எனக்கு அது ஒப்பவில்லை. தொலைபேசியை எடுப்பதே இல்லை. பகல் ஒன்றரைக்குக் கதவைச் சாத்தினால் நான்கு மணிக்குத்தான் திறக்கிறார்கள். நான் நான்கிலிருந்து ஏழு வரை உட்கார்ந்திருந்தேன், இருந்த ஒரே ஸ்டூலில் என் மானிட்டர் உட்கார்ந்திருந்தது. போகிறவர்கள் மானிட்டரையும் கேபிளையும் சேர்த்தே கொண்டுபோங்கள். லேப்டாப்பை மட்டும் தூக்கிக்கொண்டு வந்த ஒருவரை என் கண்ணெதிரே திருப்பி அனுப்பினார்கள்.