எக்ஸ்-ஃபேக்டரா, டு ஸையனா?

அமெரிக்கப் பாடகி லாரின் ஹில்லின் 1998 ஆல்பத்தில் மூன்றாவது பாட்டு எக்ஸ்-ஃபேக்டர், நான்காவது டு ஸையன். ஒன்று விட்டுப்போன காதல், மற்றது பிறந்த குழந்தை. ஹிப்ஹாப் ஆல்பம்தான், ஆனால் இந்த இரண்டிலும் அவர் ராப் பண்ணுவதில்லை, முழுக்கப் பாடுகிறார்.

எக்ஸ்-ஃபேக்டரில் வூ-டாங் கிளான் என்ற ராப் குழுவின் பழைய பாட்டு ஒன்றின் சாயல் இருக்கும், அந்தப் பாட்டே இன்னும் பழைய பாடகி கிளாடிஸ் நைட்டின் குரலை எடுத்து வைத்துக் கட்டியதுதான், அதாவது மகளுக்குள் அம்மா, அம்மாவுக்குள் பாட்டி மாதிரி. முதலில் கெஞ்சல், அப்புறம் மெல்ல எரிச்சல், கடைசியில் வார்த்தை தீர்ந்துபோய் கிட்டார் அழுகிறது. ஹெட்போனில் கேளுங்கள், பின்னணிக் குரல்கள் அவருக்கே பதில் சொல்லிச் சண்டை போடுவது தெரியும். 2018இல் ராப்பர் டிரேக் இதை எடுத்துத் தன் பாட்டில் வைத்து ஆடவைத்தார், நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அந்த வலி அதில் இல்லை.

டு ஸையனில் கார்லோஸ் சந்தானாவின் கிட்டார். டிரம் ராணுவ அணிவகுப்பு போல நடக்கிறது, முடிவில் கோரஸ் சேர்ந்து தேவாலயமாகிவிடுகிறது. குழந்தை வேண்டாம், தொழிலைப் பார் என்று சொன்னவர்களுக்கு அவர் கொடுக்கும் பதில் இது. ஆறு நிமிடம் ஓடுகிறது, எனக்கு அந்தக் கடைசிப் பகுதி கொஞ்சம் நீளம்தான்.

பஸ்ஸில் தனியாகப் போகும்போது எக்ஸ்-ஃபேக்டர்தான் என் ஓட்டு. ஆனால் வீட்டில் கைக்குழந்தை இருந்தால் மற்றதைப் போடுங்கள்.