பித்தநாள வாய்: கம்பியா, கத்தியா, பலூனா?

பித்தநாளக் கல்லை எடுக்க ஈஆர்சிபி (வாய்வழியே உள்நோக்கிக் குழாயை முன்சிறுகுடல்வரை செலுத்திச் செய்யும் சிகிச்சை) செய்யும் முன், சிங்கப்பூர் மருத்துவமனைகளில் ஒப்புதல் படிவத்தோடு சில ஆபத்துகளையும் சொல்வார்கள்: கணைய அழற்சி, ரத்தக்கசிவு, குடலில் துளை, தொற்று. இவற்றில் எது யாருக்குக் கூடும் என்பதில், முன்சிறுகுடலில் பித்தநாளம் திறக்கும் சிறு புடைப்பான பாப்பிலாவின், அதாவது பித்தநாள வாயின், வடிவத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 'பித்தநாளத்துக்குள் நுழைய எந்த முறை நல்லது' என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது.

வழக்கமான வடிவத்தில் போட்டியே இல்லை, நாளத்துக்குள் வழிகாட்டும் மெல்லிய கம்பிதான். பாப்பிலாவை நேராகப் பார்க்கும்போது பித்தநாளம் 11 மணித் திசையிலும் கணைய நாளம் 1 மணித் திசையிலும் போகும். எக்ஸ்ரேயில் நாளத்தைக் காட்டும் சாயத்தை முதலில் செலுத்தினால் அது கணையத்துக்குள் போய் அழற்சியைக் கிளப்பலாம். அதனால் முதலில் கம்பி, பிறகு சாயம். 5 தடவைக்கு மேல் தொட்டும், அல்லது 5 நிமிடம் தாண்டியும் உள்ளே போகவில்லை என்றாலோ, கம்பி ஒன்றுக்கு மேற்பட்ட முறை கணைய நாளத்தில் நுழைந்தாலோ அது 'கடின வாய்'. அதற்கு மேலும் அதே வழியில் குத்திக்கொண்டிருப்பது பிடிவாதம். வாய் வீங்கும், கணையத்தின் வடிகால் அடைபடும்.

ஸ்காண்டிநேவிய மருத்துவமனைகளில் பாப்பிலாவை நான்கு வகையாகப் பிரித்துப் பார்த்தார்கள். அவற்றில் வழக்கமான வடிவத்தில் 36 விழுக்காடும், சிறிய வாயில் 52 விழுக்காடும், துருத்தித் தொங்கும் வாயில் 48 விழுக்காடும் கடினமாக இருந்தன. பின்னிரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு சிரமம் என்றாலும், தீர்வுகள் நேரெதிர்.

தொங்கும் வாயில் உள்வழி நீளமானது, மடிந்து கிடக்கும். கம்பி மடிப்பில் முட்டி நிற்கும். கருவியின் நுனியால் பாப்பிலாவைத் தூக்கி நேராக்கிப் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் மின்சூட்டால் வெட்டும் ஊசிக்கத்தியால், வாயைத் தொடாமல், அதற்கு மேலே புடைத்திருக்கும் கூரையைத் திறப்பது நல்லது. கணைய நாளத்தின் வாயில் சூடு படாது என்பதே இதன் பெரிய லாபம். இங்கே கத்தியை எடுக்கத் தாமதிக்க வேண்டியதில்லை.

அதே கத்தியை 3 மில்லிமீட்டருக்கு மிகாத, தட்டையான வாயில் வைத்தால் கதை வேறு. வெட்ட இடமே இல்லை. கொஞ்சம் தாண்டினால் குடலுக்குப் பின்புறம் துளை. இங்கே கம்பி தவறிக் கணைய நாளத்துக்குள் போனால் அதை உருவிவிட வேண்டாம். அதை அங்கேயே விட்டுப் பக்கத்தில் இரண்டாவது கம்பியை நுழைக்கலாம். அல்லது அதன்மேல் வெட்டுக்கருவியை ஏற்றி, இரு நாளங்களுக்கும் இடையிலுள்ள தடுப்பை 11 மணித் திசையில் வெட்டலாம். சிறிய வாய்க்கு இரண்டாவதே பொருத்தம் என்பது எங்கள் கணிப்பு. எதைச் செய்தாலும், கணைய அழற்சியைத் தவிர்க்க, கணைய நாளத்தில் 5 பிரெஞ்ச் (சுமார் 1.7 மில்லிமீட்டர்) தடிமனுள்ள ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைப்பது நல்லது. பெரும்பாலும் தானாக விழுந்துவிடும். 5 முதல் 10 நாளுக்குள் எக்ஸ்ரேயில் உறுதிசெய்ய வேண்டும். அதே அழற்சியைத் தடுக்க, தடை எதுவும் இல்லாதவர்களுக்கு 100 மில்லிகிராம் டைக்ளோஃபெனாக் அல்லது இண்டோமெதசின் ஆசனவாய் மாத்திரையும் உண்டு.

வயதானவர்களிடம் பாப்பிலாவின் அருகே, சில சமயம் அதற்குள்ளேயே, குடல்சுவர் பையாகப் பிதுங்கியிருக்கும். பைக்குள் ஒளிந்த வாயைக் கிளிப் போட்டோ இடுக்கியால் இழுத்தோதான் வெளியே திருப்ப வேண்டும். 11 மணிக் கணக்கு இங்கே நம்பகமில்லை. (இரைப்பையின் கீழ்ப்பகுதியை அகற்றி, மிச்சத்தைச் சிறுகுடலோடு இணைக்கும் பில்ரோத் 2 அறுவை செய்துகொண்டவர்களுக்கோ அது 5 மணி.) பையின் சுவர் மெல்லியது என்பதால் நீளமாக வெட்டுவது ஆபத்து. சிறிதாக வெட்டிவிட்டு, கல் பெரிதாக இருந்தால் 12 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட பலூனால் விரிப்பதே பாதுகாப்பு. ஆனால் பலூன் கீழ்ப்பித்தநாளத்தின் அகலத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் நாளமே கிழியும்.

வெட்டாமல் பலூன் மட்டும் போடுவது, 8 மில்லிமீட்டருக்குக் குறைந்த கல்லும் ரத்தம் உறையாத சிக்கலும் சேர்ந்திருப்பவர்களுக்கு. கசிவு குறையும், கணைய அழற்சி கூடும். பலதுறை மருந்தகத்தில் வார்ஃபரின், அபிக்ஸபான் போன்ற ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளை வாங்குபவர்கள் அந்த மருந்துப் பட்டியலைத் தாதியிடம் முன்கூட்டியே காட்டினால் வெட்டா பலூனா என்று நிதானமாக முடிவெடுக்கலாம். மருத்துவரிடம் கேட்காமல் மாத்திரையைத் தாங்களாக நிறுத்தக்கூடாது.