சோலார் பாத்ஃபைண்டர்: பண்ணையில் பேனலுக்கு இடம் பார்க்கும் கருவி

காலி இடம் நிறைய இருப்பதாலேயே பண்ணைகளில் சோலார் பேனலைத் தோதான மூலை எதுவோ அங்கே நட்டுவிடுகிறார்கள். நட்ட மாதம் நல்ல வெயில் இருக்கும். ஆறு மாதம் போனால் வேலியோர மரத்தின் நிழல் அதே இடத்தில் படுத்திருக்கும். சூரியனின் பாதை மாதத்துக்கு மாதம் வடக்கும் தெற்குமாக நகர்கிறது அல்லவா? ஒரே இடத்தில் சில நிமிடம் நின்று பன்னிரண்டு மாத நிழலையும் கணக்கெடுக்க உதவுகிறது சோலார் பாத்ஃபைண்டர்.

முக்காலி மேல் ஒரு தட்டு, அதில் திசைகாட்டியும் ரசமட்டமும், மேலே கண்ணாடி போலப் பளபளக்கும் பிளாஸ்டிக் குமிழ். அவ்வளவுதான், அளக்க பேட்டரி தேவையில்லை. குமிழுக்கு அடியில் உங்கள் அட்ச ரேகைக்கு உரிய சூரியப் பாதைத் தாளைச் செருக வேண்டும். நேர் மேலிருந்து பார்த்தால் சுற்றிலும் உள்ள மரம், கொட்டகை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் குமிழில் பிரதிபலிக்கும். அதனூடே தாளின் கோடுகளும் தெரியும். பக்கவாட்டுத் திறப்பு வழியாக வெள்ளைப் பென்சிலை நுழைத்து, வானம் தொடங்கும் விளிம்பைத் தாளில் வரைய வேண்டும். பிரதிபலிப்பைத்தான் பார்க்கிறோம் என்பதால் மேகமூட்டமான நாளிலும் வேலை நடக்கும்.

தாளில் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு வளைவு, ஒவ்வொரு அரை மணிக்கும் ஓர் எண். ஒரு மாதத்தின் எண்களைக் கூட்டினால் 100. டிசம்பர் வளைவில் 9 மணி முதல் 10.30 வரை மரம் மறைக்கிறது, அங்குள்ள எண்கள் 5, 6, 6 என்று வைத்துக்கொள்ளுங்கள்: அந்த மாதம் 17 சதவீத வெயில் போச்சு. ஆனால் மின்சார இழப்பு இதைவிடக் கூடலாம். பேனல்கள் தொடராக இணைந்திருப்பதால் ஒன்றில் விழும் நிழல் வரிசை முழுவதையும் இழுத்துப் பிடிக்கும். சாதாரண பேனலில் மூன்று பைபாஸ் டையோடுகள் இருக்கும்; ஒவ்வொன்றும் பேனலின் ஒரு பகுதிக்கு உரியது, அந்தப் பகுதியில் நிழல் பட்டால் மின்சாரத்தை அதைச் சுற்றிக் கடத்திவிடும். நெட்டுக்குத்தாக நிறுத்திய பேனலின் அடிவிளிம்பு முழுக்க நிழல் பட்டால் மூன்று பகுதிகளும் அடிபடும். படுக்கைவாட்டில் வைத்திருந்தால் ஒன்றோடு தப்பலாம். வெட்டவே முடியாத மரம் இருக்கும் பண்ணைக்கு இது பெரிய வித்தியாசம்.

தவறு பெரும்பாலும் திசையில்தான் வருகிறது. தகரக் கொட்டகை, டிராக்டர், இரும்பு வேலி பக்கத்தில் இருந்தால் முள் விலகும். தள்ளி நின்று திசையைச் சரிபாருங்கள். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசத்தைத் தட்டில் திருத்தாவிட்டால் காலை நிழல் குறைந்தும் மாலை நிழல் கூடியும் தெரியும், அல்லது நேர்மாறாக. அடுத்தது உயரம். தரையில் வைத்து அளந்தால் பயிரும் வரப்பும்கூட நிழலாகக் கணக்கில் வரும். பேனலின் அடிவிளிம்பு வரப்போகும் உயரத்தில் குமிழை நிறுத்துங்கள். ஒரு புள்ளி போதாது; அமையப்போகும் வரிசையின் நான்கு மூலைகளிலும் அளந்து, மோசமான மூலையை வைத்தே முடிவெடுங்கள்.

கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடையே உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வருடத்தில் சில காலம் உச்சிச் சூரியன் வடக்கேயும் சில காலம் தெற்கேயும் இருக்கும். தெற்குப் பக்கம் மட்டும் பார்த்து இடம் பிடித்தால் வடக்கே நிற்கும் மரம் பிறகு மறைக்கும்.

கருவிக்குத் தெரியாதவையும் உண்டு. இளமரம் ஐந்து வருடத்தில் எவ்வளவு வளரும் என்று குமிழ் சொல்லாது. வளரப்போகும் உயரத்தை நீங்களே கூட்டி வரைய வேண்டும். இலையுதிர்ந்த மரத்தை அப்படியே வரைந்தால் கணக்கு ஏமாற்றும். கதிரடிக்கும் களத்துத் தூசி, கோழிக் கொட்டகையின் காற்றாடி தள்ளும் புழுதி, தெளிப்பு நீர் காய்ந்து படியும் உப்புக்கறை, மழைநீர் தேங்கும் தாழ்வு எதுவும் அதில் பதியாது. மோட்டாருக்கு உள்ள தூரமும் அப்படியே: அதே மின்னழுத்தத்தில் தூரம் இரட்டிப்பானால், இழப்பு கூடாமல் இருக்க கம்பியின் தடிமனும், அதாவது குறுக்குப் பரப்பும், இரட்டிப்பாக வேண்டும். அதனால் இரண்டு மூன்று இடங்களை அளந்து, நிழல் கணக்கையும் கம்பிச் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒரே தடவை பேனல் போடுபவர் இதை வாங்க வேண்டியதில்லை. பொருத்தித் தருபவரிடம் கருவி இருக்கிறதா என்று கேட்டு, நான்கு மூலைகளுக்கும் வரைந்த தாள்களை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வாங்கிக்கொள்ளுங்கள்.